கேட்டுக்கொண்டிருக்கிற எல்லாருக்கும் வணக்கம்

கமலாசனியின் வாயைப் பற்றி ஊரில் இரண்டு கருத்து இல்லை. செட்டிகுளத்துச் சந்தைக்கு உழுந்து கொண்டுபோனால், விற்று முடிப்பதற்குள் மூன்று கல்யாணத்தையும் ஒரு காணிச் சண்டையையும் பேசித் தீர்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். தன் வீட்டு விசயம், அடுத்த வீட்டு விசயம், ஆட்டின் வயிற்றுப் பொருமல், எதையும் மூடி வைக்கத் தெரியாத பிறவி. அப்பேர்ப்பட்டவளின் கையில் தொலைபேசியைக் கொடுத்தால் போதும், வாயில் கொழுக்கட்டை அடைத்ததுபோல் ஆகிவிடுவாள்.

“ஹலோ. சுகமோ? ஓம், சுகம். மழை இல்லை. ஆடு நிக்குது. சரி, வைக்கிறன்.”

இவ்வளவுதான். மறுமுனையில் இருப்பது யாரோ கடன்காரன் அல்ல, தாலி கட்டிய கணவன். ரூபன் கட்டாருக்குப் போய் நாலு வருசமாகிறது. இடையில் ஒரு தடவை நாற்பது நாள் வந்து நின்றான். மற்றபடி கிழமைக்கு மூன்று தரம் தொலைபேசி, மூன்று தரமும் ஆடும் மழையும். அவனும் சளைத்தவன் இல்லை. “இஞ்ச வெயில். சாப்பிட்டன். சரி.” வவுனியாவில் விடுதியில் நின்று படிக்கும் மகள் மேனுகா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்: “அம்மா, உங்கட ஆட்டுக் கதையைக் களவாக் கேக்க அமெரிக்காவுக்கு என்ன விசரோ, வேற வேலை இல்லையோ?”

பிள்ளைக்குத் தெரியாது. தெரியாமல் வளர்த்ததே இவர்கள்தானே.

பதினாலு வருசத்துக்கு முந்தி, போர் முடிந்து, முகாமிலிருந்து வெளியே வந்து, தகரக் கொட்டிலில் இருந்த காலம் அது. பிரான்சிலிருந்து ரூபனின் தமையன் தொலைபேசி எடுத்தார். கால் வீங்கியிருக்கிறது என்றார். வேப்பெண்ணெய் பூசச் சொல்லி அரைமணி நேரம் வைத்தியம் பேசினாள் கமலாசனி. அடுத்த நாள் காலை மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். சாதாரண உடுப்பு, சிரித்த முகம். “அண்ணைக்குக் கால் எப்பிடி? வேப்பெண்ணெய் பூசினவரோ?” என்று கேட்டார்கள். அதட்டவில்லை, அடிக்கவில்லை, கொடுத்த தேத்தண்ணியையும் குடித்தார்கள். குடித்துவிட்டு, சின்ன விசாரணை என்று ரூபனைக் கூட்டிக்கொண்டு போய் மூன்றாம் நாள்தான் விட்டார்கள். அந்த மூன்று நாளும் கமலாசனி உலையே வைக்கவில்லை. தன் வாயால்தான் புருசன் போனான் என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

அவன் திரும்பி வந்தான். “இனிமேல் போனில ஒண்டும் வேண்டாம். எதெண்டாலும் நேரில கதைப்பம்,” என்றான். வன்னியில் இந்த வசனத்தைச் சொல்லாத வீடு கிடையாது. பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்று முன்னோர் சொன்னதை இங்கே தொலைபேசிக்குப் பொருத்தி ஒரே சட்டமாக்கி வைத்திருந்தார்கள். கல்யாணமா, நேரில கதைப்பம். காணியா, நேரில. வயிற்றுக்குத்தா, அதுவும் நேரில.

ஆனால் ஒரு கூத்தைக் கேளுங்கள். ஊருக்குள் சிக்னல் வராது. குளக்கட்டில் ஏறினால்தான் வரும். பின்னேரமானால் ஊர்ச்சனம் முழுவதும் கட்டின் மேல் வரிசையாக நின்று, ஸ்பீக்கரைப் போட்டு, கனடாவோடும் சவூதியோடும் உரத்த குரலில் கதைக்கும். ஆளுக்கொரு மருதமரம், மரத்துக்கும் மரத்துக்கும் பத்தடி. கொழும்பு கேட்கும், சீனா கேட்கும் என்று நடுங்குகிற அந்தச் சனம், பத்தடி தள்ளி நிற்கிற பரமலிங்கத்தாருக்குக் கேட்கும் என்று ஒருநாளும் கவலைப்பட்டதில்லை.

பரமலிங்கத்தார் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தோடு வந்து வயல் செய்தவர், ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக்குத் தலைவர். உளவு விசயத்தில் ஊருக்கு அவர்தான் பேராசிரியர். “முந்தியெண்டா லைனில இருந்து கேட்டவங்கள். இப்ப அப்பிடியில்லை. வெளிநாட்டுக்காரன் ஒரு சாமான் செய்திருக்கிறான். நீங்கள் போனைத் தூக்கவும் தேவையில்லை. ஒரு மிஸ் கோல் காணும், அதொண்டே போதும், உள்ள பூந்திடும். பூந்தா உங்கட குறட்டையும் அவனுக்குக் கேக்கும்!” என்று கையை விரித்துக் காட்டுவார். தெற்கே துறைமுகத்தில் ஒரு சீனக் கப்பல் வந்து நின்றபோது, அது எத்தனை மைலுக்குக் காது வைக்கும் என்று மணலில் கோடு போட்டுக் காட்டியவரும் அவர்தான். கோட்டுக்குள் ஊர் முழுக்க அகப்பட்டதில் அவருக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆடு, மழை எல்லாம் முடிந்து வைக்கப் போகிற நேரம் ரூபன் இழுத்தான்.

“இஞ்சரும்... ஒரு விசயம் இருக்கு.”

“என்ன?”

“போனில கதைக்கேலாது. நேரில கதைப்பம்.”

“எப்ப வாறியள்?”

“அதுவும் நேரில கதைப்பம்.”

வைத்துவிட்டான். கமலாசனி செவியில் போனை ஒட்டியபடியே மருதமரத்தடியில் நின்றாள். வருகிற வியாழக்கிழமை அவன் கம்பனி ஒப்பந்தத்தில் மறுபடி கையெழுத்து வைக்கிற நாள். வைத்தால் இன்னும் இரண்டு வருசம். அப்படியென்றால் அந்த விசயத்தை அவள் நேரில் கேட்பது இரண்டு வருசம் கழித்து! மனுசன் சுகமில்லாமல் கிடக்கிறானா? எங்கேயாவது மாட்டுப்பட்டுவிட்டானா? வேறு ஒருத்தியா? சீ, அந்த முகத்துக்கு அது நடக்காது. நடக்காது என்றுதானே எல்லாப் பெண்டுகளும் நினைக்கிறார்கள். தலை வெடித்துவிடும் போலிருந்தது. அதைவிடப் பெரிய வேதனை ஒன்று இருந்தது. கையெழுத்து வைக்காமல் வாங்கோ என்று சொல்ல அவளுக்குத் தொண்டை வரை ஆசை. நாலு வருசமாக அதைச் சொல்லவில்லை. யாரோ ஒருவன் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் எப்படிப் புருசனை வா என்று கெஞ்சுவாள்?

கமலாசனி ஆள் விட்டுக் கூப்பிட, திங்கட்கிழமை காலையே முஃப்லிஹா அவள் வீட்டுக்கு ஓடி வந்தாள். சந்தியில் போன் கடை வைத்திருப்பவள். வாப்பாவின் ஊர் தண்ணீரூற்று, வளர்ந்தது புத்தளம், கல்யாணம் கட்டி இந்தப் பக்கம் வந்தவள். கமலாசனிக்கு ஒரு வயிற்றில் பிறக்காத தங்கச்சி. இரண்டு பேருக்கும் ஒரு வழக்கம் உண்டு. ரகசியம் பேசுவதென்றால் இரண்டு போனையும் துவாயில் சுற்றி, குசினி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, முற்றத்துக் கடைசியில் ஆட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றுதான் பேசுவார்கள். போன் கடைக்காரியே இப்படியென்றால் மற்றவர்களைக் கேட்பானேன்.

“அக்கா, அதுக்குப் போனில ஒரு அப் இருக்கு. அவர் சொல்றது நேரா உங்களுக்கு. இடையில ஒருத்தனும் கேக்கேலாது. பூட்டுப் போட்ட மாதிரி,” என்றாள் முஃப்லிஹா.

அலுமாரியைத் திறந்து போனை எடுத்து, முஃப்லிஹாவின் போனிலிருந்து அப்பை ஏற்றி, பின்னேரம் பெருமையோடு குளக்கட்டுக்குப் போனார்கள். பரமலிங்கத்தார் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“பூட்டு நல்ல பூட்டுத்தான் பிள்ளை. ஆனா அவன் போனுக்குள்ளயே இருக்கேக்க என்ன செய்வாய்? கள்ளன் வீட்டுக்குள்ள இருக்க, படலையைப் பூட்டி என்ன பிரயோசனம்?”

“அண்ணை, உங்கட வாயில நல்ல வார்த்தையே வராதோ?” என்று சீறினாள் கமலாசனி. ஆனாலும் மனதில் பயம் ஏறிவிட்டது. அன்றைக்கும் ஆடும் மழையும்தான்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கே ஒரு யோசனை வந்தது. கதைத்தால்தானே கேட்பார்கள்? கதைக்காமல் விட்டால்? மேனுகாவின் பழைய கொப்பி மட்டையில் கரிக்கட்டியால் பெரிதாக “என்ன விசயம்?” என்று எழுதினாள். பின்னேரம் குளக்கட்டில் நின்று வீடியோவில் ரூபனைக் கூப்பிட்டு, ஒரு சத்தமும் போடாமல் மட்டையைத் தூக்கிப் பிடித்தாள். ரூபன் கண்ணைச் சுருக்கி வாசித்தான். வாசித்ததும் முகம் வெளிறிப்போய், இரண்டு கையையும் விசிறி விசிறி வேண்டாம் வேண்டாம் என்று காட்டி, பட்டென்று தொடர்பை வெட்டிவிட்டான். பக்கத்து மரத்தடியில் நின்றவர்கள் நாலு பேர் அதை வடிவாக வாசித்துவிட்டு, “அதுதானே, என்ன விசயம்?” என்று தங்களுக்குள் கேட்டுக்கொண்டார்கள். பொழுது படுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, ரூபனிடம் ஒரு விசயம் இருக்கிறதென்று. ஒருத்தர் பதவி உயர்வு என்றார். ஒருத்தர் சிறுநீரகம் என்றார். அவரவர் மனம் போல.

புதன்கிழமை பின்னேரம் கமலாசனி சாப்பிடாமல் கொள்ளாமல் ஆட்டுக்கொட்டிலடியில் குந்தியிருந்தாள். முஃப்லிஹா வந்து பார்த்தாள்.

“அக்கா, நாளைக்குத்தானே கையெழுத்து?”

“ஓம்.”

“அப்ப இண்டைக்கு விட்டா இனி ரெண்டு வருசம். அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட ஒருத்தியின்ர கதை கேள்விப்பட்டிருக்கிறன். நீங்க அரசனுக்குப் பயந்தெல்லோ புருசனைக் கைவிடப் போறீங்க!”

கமலாசனி நிமிர்ந்தாள். கோபம் வந்துவிட்டது. முஃப்லிஹா மேல் இல்லை, பரமலிங்கத்தார் மேலும் இல்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போன அந்த இரண்டு பேர் மேல். அவர்களை அனுப்பியவர்கள் மேல். கடலுக்கப்பால் இருந்துகொண்டு உலகத்துச் சனம் எல்லாம் தங்கள் சொத்து என்று நினைக்கிறவர்கள் மேல். பதினாலு வருசமாகத் தன் போனில் தன் புருசனோடு தன் வாயால் ஒரு வார்த்தை பேச விடாமல் வைத்திருந்தார்களே, பாவிகள்! யாருக்கு என்ன பிழை செய்தாள் அவள்? ஒரு வீக்கத்துக்கு வேப்பெண்ணெய் சொன்னாள். அவ்வளவுதானே?

“வா,” என்றாள். எழும்பிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். முஃப்லிஹா பின்னால் ஓடினாள்.

குளக்கட்டு நிறைந்திருந்தது. வழக்கமான மரத்தடியில் போய் நின்று, ரூபனுக்கு அடித்தாள். அவன் வேலை முடிந்து கம்பனி பஸ்ஸுக்கு நிற்கிற நேரம்.

“ஹலோ,” என்றான் ரூபன்.

“பொறுங்கோ. முதல்ல மற்ற ஆக்களோட கதைச்சிட்டு வாறன்.”

“எந்த ஆக்கள்?”

“கேட்டுக்கொண்டிருக்கிற ஆக்கள்.” தொண்டையைச் செருமினாள். போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, கூட்டத்தில் பேசுகிறவள் மாதிரித் தொடங்கினாள். “கேட்டுக்கொண்டிருக்கிற எல்லாருக்கும் வணக்கம். கொழும்பில இருந்து கேக்கிற ஐயாமாருக்கும் வணக்கம். அமெரிக்காவில, சீனாவில, இந்தியாவில, கப்பலில, ஆகாயத்தில இருந்து கேக்கிறவைக்கும் வணக்கம். என்ர பேர் கமலாசனி. அடையாள அட்டை நம்பர் உங்களிட்ட இருக்கும். என்னட்டத் துவக்கு இல்லை, குண்டு இல்லை. ஒன்பது ஆடும் ரெண்டு ஏக்கர் உழுந்தும்தான் இருக்கு. நான் கதைக்கிறது என்ர புருசனோட. அவர் ஒரு விசயம் சொல்லப் போறார். அது எனக்குச் சொல்லுற விசயம். உங்களுக்கும் வீட்டில பெண்சாதி பிள்ளையள் இருப்பினம். கொஞ்சமெண்டாலும் மரியாதை தெரிஞ்சா காதை எடுங்கோ. எடுக்காட்டி இருந்து கேளுங்கோ. வெக்கம் உங்களுக்குத்தான், எனக்கில்லை!”

 கனடாவும் சவூதியும் அந்தந்த ஸ்பீக்கரில் “ஹலோ, ஹலோ” என்று கத்திக்கொண்டிருக்க, ஒருத்தரும் மறுமொழி சொல்லவில்லை. எல்லாரும் கமலாசனியையே பார்த்தபடி, ரூபன் சொல்லப் போகிற விசயத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

பரமலிங்கத்தார் முதலில் அவளைப் பார்த்தார். பிறகு சுற்றிவரப் பார்த்தார். பிறகு தன்னைப் பார்த்தார். மனுசனுக்கு முகம் கறுத்துவிட்டது.

“கேக்கிறதெண்டா நாங்களும் எல்லோ கேட்டுக்கொண்டு நிக்கிறம்,” என்றார் மெல்ல. அடுத்த கணம் குரலை உயர்த்தினார். “எல்லாரும் போனை வையுங்கோ. இறங்குங்கோ கீழ!”

“அண்ணை, மகள் கனடாவில இருந்து கதைக்கிறாள்...”

“மகள் நாளைக்கும் கனடாவிலதான் இருப்பாள். இறங்கும்!”

இறங்கினார்கள். முணுமுணுத்துக்கொண்டு, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு எல்லாரும் வயல் பக்கமாகச் சரிவில் இறங்கினார்கள். முஃப்லிஹாவும் இறங்கினாள். கடைசியாகப் பரமலிங்கத்தார். கீழே வாய்க்கால் கரையில் நின்று, குளக்கட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் திரும்பி நின்றார்கள்.

அத்தனை மரமும் வெறுமையாகிவிட்ட கட்டைப் பார்த்ததும் கமலாசனிக்குக் கண் கலங்கியது. கெஞ்சியும் கேட்டும் ஒரு நாடும் கொடுக்காத ஒன்றை இந்த ஊர் இரண்டு நிமிசத்தில் கொடுத்துவிட்டதே என்று நினைத்தாள்.

“என்னப்பா அங்க சத்தம்? ஆர் நிக்கினம்?” என்று பதறினான் ரூபன்.

“ஆருமில்லை. நானும் நீங்களும்தான். சொல்லுங்கோ.”

ரூபன் தொடங்கினான்.

“நான் ஒரு பிழை செய்துபோட்டன்.”

அவள் மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“உம்மட கதையை எல்லாம் நான் பதிஞ்சு வைச்சிருக்கிறன்.”

“என்னது?”

“நாலு வருசமா. ஒரு கோல் விடாமல். படுக்கிறதுக்கு முதல் காதில போட்டுக் கேக்கிறனான். அறையில எட்டுப் பேர். அது காதில இருந்தாத்தான் நித்திரை வரும்.”

 கமலாசனி வெடித்தாள். “என்னைக் கேக்காமலோ? உலகத்து அரசாங்கம் எல்லாத்துக்கும் பயந்து நான் வாயைப் பொத்திக்கொண்டு கிடக்க, பதிஞ்சது நீங்களோ! வீட்டுக்குள்ளயே புலனாய்வோ!”

“பிழைதான். ஒத்துக்கொள்ளுறன்.”

“அதில கேக்க என்ன மண்ணாங்கட்டி இருக்கு? ஆடு நிக்குது, மழை இல்லை!”

“ஓம். ஆடு நிக்குது, மழை இல்லை. எனக்கு அது காணும்.”

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

“விசயம் அதில்லை,” என்றான் ரூபன். அவன் குரல் இறங்கியிருந்தது. “போன மாசம் முதல் வருசத்துக் கதையளைத் திருப்பிக் கேட்டனான். அதில நீர் வைக்கிறதுக்கு முதல் சிரிக்கிறீர். ஒண்டுமில்லாததுக்கு. ஆடு நிக்குது எண்டு சொல்லிப்போட்டு ஒரு சிரிப்பு. பிறகு ஒண்டொண்டாக் கேட்டுக்கொண்டு வந்தன். ரெண்டாம் வருசம் சிரிப்புக் குறைஞ்சு போச்சு. போன வருசம் ஒண்டுகூட இல்லை. எல்லாத்தையும் தேடிப் பாத்தன், கமலா. இல்லை.”

 தன் சிரிப்பு போனது அவளுக்கே தெரியாது. இரண்டாயிரம் மைலுக்கப்பால் ஒருவன் அதை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான்.

“நாளைக்கு நான் கையெழுத்து வைக்கேல்லை. வரப் போறன். உமக்குச் சம்மதமோ எண்டு கேக்கவேணும். இதுதான் விசயம்.”

“இதைச் சொல்ல ஏன் மனுசா இவ்வளவு பாடு? நாலு நாளா எனக்குச் சோறு தண்ணி இல்லை!”

“பயம் பாதி,” என்றான் ரூபன். “வெக்கம் பாதி.”

“வாங்கோ,” என்றாள் கமலாசனி. மறுபடியும் சொன்னாள், இந்தத் தடவை உரத்து. “வாங்கோ! எனக்கு நீங்கள்தான் வேணும். நாலு வருசமாச் சொல்ல நினைச்சனான். உழுந்து இருக்கு, ஆடு இருக்கு, அது காணும் எங்களுக்கு. நாளைக்கே வாங்கோ. கேக்கிறவன் கேட்டுட்டுப் போகட்டும்!”

மறுமுனையில் அந்த மனுசன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. கம்பனி பஸ் வாசலில் நின்று, நாற்பத்தைந்து வயது ஆம்பிளை, எல்லாரும் பார்க்க. அதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, மரத்தில் சாய்ந்து சிரித்தாள். கீழே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு அந்தச் சிரிப்பு மட்டும் கேட்டது. கேட்டுவிட்டு, ஏன் என்று தெரியாமல் அவர்களும் சிரித்தார்கள்.

அவள் குளக்கட்டிலிருந்து இறங்கி வந்தபோது எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். பரமலிங்கத்தாருக்குத்தான் பொறுக்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“என்ன பிள்ளை, நல்ல விசயமோ?”

கமலாசனி வாயைத் திறந்தாள். பழக்கதோசம். முழுக் கதையும், பஸ் வாசலும் மூக்கு உறிஞ்சலும் உட்பட, நாக்கு நுனியில் வந்து நின்றது. ஊரே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றது. அவள் ஒரு நிமிசம் யோசித்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக.

“அது எனக்கும் அவருக்கும் உள்ள கதை, அண்ணை.”

பரமலிங்கத்தார் தலையாட்டிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குளக்கட்டில் ஏறி, பாதியில் விட்ட கனடாவைத் திரும்பவும் பிடிக்கப் போனார்கள். முஃப்லிஹா மட்டும் பக்கத்தில் வந்து, முழங்கையால் மெல்ல இடித்தாள்.

“எனக்கும் சொல்லமாட்டீங்களோ, அக்கா?”

“உனக்கும்தான்,” என்றாள் கமலாசனி. சொல்லிவிட்டு, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள்.